கிப்லாவைப் பார்த்துக் கிடந்தவர்

காலிதீனுக்குப் பொய் சொல்ல வராது என்று சாய்ந்தமருதில் ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். ஆனால் சம்மாந்துறைப் பக்கம் வாய்க்கால் வெட்டியபோது ஒரு பொய் சொன்னார்; அதையும் சொல்லவே கூடாத ஆளிடம் சொன்னார்.

அந்த ஆள் புண்ணியமூர்த்தி. காரைதீவில் பிறந்து கொழும்பில் படித்த ஆராய்ச்சிக்காரர். இந்தக் கரைக்கு நெல்லும் கோயிலும் பள்ளிவாசலும் வருவதற்கு ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே மனிதர் வேட்டையாடி வாழ்ந்தார்கள் என்பது அவர் கட்சி. கொழும்பில் பெரிய தலைகள் சிரித்தன. மனிதர் விடவில்லை, வாய்க்கால் வெட்டுகிற இடமெல்லாம் சல்லடையும் கையுமாக அலைந்தார். மலேரியாவில் விழுந்து கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும், கூலியாட்களின் தலைவரான காலிதீனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காக்கா, எலும்பு ஏதும் கண்டா தொடவேணாம். கிடக்கிறபடியே நான் பாக்கோணும். எந்த மண்ணுக்குள்ள கிடக்கோ, அதை வெச்சுத்தான் வயசு சொல்லலாம்."

"ஓம் ஐயா, நீங்க யோசிக்காமப் போங்க."

யோசிக்காமல்தான் போனார், பாவம்.

அந்தக் கிழமையே, ஆழத்தில், சிவந்த சரளை மண்ணுக்குள் ஒரு முழு உடம்பின் எலும்புகள் வெளிப்பட்டன. வலப்பக்கம் சரிந்து கிடந்தது; முகம் மேற்கே, மக்காவின் பக்கம். வெட்டிக்கொண்டிருந்த கூலியாள் அச்சிமுகம்மது மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் துண்டை எடுத்துத் தலையில் கட்டினான்.

"காக்கா, இது நம்மட மையித்து. கிப்லாவைப் பாத்துக் கிடக்கார் பாருங்க."

காலிதீனுக்கும் அப்படித்தான் பட்டது. முஸ்லிம் மையித்தைத் தவிர வேறு எந்த உடலை இப்படிக் கிடத்துவார்கள்? முழங்கால்கள் நெஞ்சோடு மடங்கியிருந்ததை, எந்த மையித்தையும் அப்படி அடக்குவதில்லை என்பதை, அவர் கண்கள் பார்த்தும் பார்க்காமல் விட்டன. ஐயாவுக்கு ஆள் அனுப்பலாம் என்று தோன்றாமலும் இல்லை. மையித்தை வெயிலில் போட்டுவிட்டு யாரோ வந்து அளக்கட்டும் என்று காத்திருப்பதா? மருதமுனை வெள்ளைத் துணியில் எலும்புகளைச் சுற்றி, தொழுவித்து, பள்ளிவாசல் மையவாடியில் அடக்கினார்கள். பக்கத்தில் கிடந்த வெள்ளைக்கல் சில்லுகளைக் கரையில் வாரி எறிந்தார்கள்.

புண்ணியமூர்த்தி பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். கரையில் கிடந்த சில்லுகளைக் கண்டதும் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காக்கா, இது மனிசன் உடைச்சுக் கூராக்கின கல்லு! இங்கதான் ஆரோ கிடக்கான். எலும்பு ஏதும் கண்டீங்களா?"

"இல்ல ஐயா."

நாக்கு முந்திவிட்டது. அதற்குப் பிறகுதான் தண்டனை தொடங்கியது. புண்ணியமூர்த்தி குழிக்குள் இறங்கி, காய்ச்சல் விட்டும் விடாத உடம்போடு, சின்னத் தூரிகையால் மண்ணைத் துடைக்கத் தொடங்கினார். தான் வெறுமையாக்கிய இடத்தை ஒருவர் இத்தனை ஆசையோடு துடைப்பதைக் காலிதீனால் பார்க்க முடியவில்லை. கொண்டுவந்த சோறு இறங்கவில்லை. நடுப்பகல் ளுஹர் தொழுகையிலும் அந்தத் தூரிகைதான் கண்ணுக்குள் நின்றது. தொழுதுவிட்டு நேரே வந்து குழிக்குள் குதித்தார்; தூரிகை பிடித்த கையைப் பற்றிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

புண்ணியமூர்த்தி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தச் சரளை படிஞ்ச காலத்துல எந்த மதத்துக்கும் பேர் இல்ல காக்கா. நித்திரை கொள்ளுற மாதிரிச் சரிச்சு வெச்சிருப்பாங்க."

"பள்ளிக்காரர்ட கால்ல விழுந்தாவது தோண்டி எடுத்துத் தாறன் ஐயா."

"வேணாம். இனி எடுத்தாலும் அது வெறும் எலும்பு. கிடந்த இடத்துல நான் காணல்லையே, ஆர் நம்புவாங்க?" தூரிகையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "வடிவாத் தொழுவிச்சீங்களா?"

"ஓம் ஐயா."

"நல்லம். நம்ம எல்லாருக்கும் மூத்தவர். அந்தத் தொழுகையாவது அவருக்குக் கிடைச்சிச்சே."

ஏசவில்லை. ஏசியிருந்தால் காலிதீனும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பார். சல்லடையைத் தட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்த அந்த மெலிந்த முதுகைப் பார்த்தபடி, குழிக்குள்ளேயே நின்று அழுதார்.