ஒரு விசில் தூரம்

பக்கவாதம் வந்த நாற்பதாம் நாள், புதன்கிழமை காலை பத்து மணிக்கு, கண்டக்டரின் வீடு இரண்டடி முன்னால் நகர்ந்தது. முன்னால் காலி மனை என்பதால் யாரையும் இடிக்கவில்லை. பின்வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகள் மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்போலப் பழைய இடத்திலேயே நின்றன.

காரணம் ஒரு சொல். நடைப்பயிற்சி கொடுக்க வந்த பெண், கட்டிலிலிருந்து வாசலோரக் குளியலறை வரை ஓரடிக்கு ஒன்றாக மஞ்சள் டேப் ஒட்டி, போனில் டிக் டிக்கென்று தாளத்தை ஓடவிட்டிருந்தாள். "கால் மறந்துடுச்சு சார். கண்ணு கோட்டைப் பாக்கட்டும், காது தாளத்தைக் கேக்கட்டும். அதுங்க ரெண்டும் சொன்னா கால் கேக்கும்," என்றாள். "லெஃப்ட்" என்றபோது இடது கால் அசையவில்லை. "ரைட்" என்றாள். இருபத்தெட்டு வருடமாகக் கண்டக்டருக்கு அது ஒரு பக்கத்தின் பெயரே அல்ல. "போலாம் ரைட்" என்று அவர் வாய் தானாகச் சொன்னது, வீடு கிளம்பிவிட்டது. ஓடும் பஸ்ஸில் நிற்பதுபோல எதையும் பிடிக்காமல் அவர் நின்றார்.

"நடந்தது நானா, வீடா?"

"எனக்கென்ன தெரியும்? பால் பொங்கி வழிஞ்சதுதான் தெரியும்," என்றாள் மனைவி.

அவளுக்கு வேறு கவலை. மெயின்ரோட்டுக்கு அந்தப் பக்கம் லாண்டரியில் இஸ்திரி போடுபவள். திங்கட்கிழமை போகாவிட்டால் அவள் மேசை வேறொருத்திக்கு. அவரோ அவள் தோளில்லாமல் குளியலறைக்குக்கூடப் போக முடியாதவர். வியாழனும் வெள்ளியும் ஒவ்வொரு 'ரைட்'டுக்கும் வீடுதான் நகர்ந்தது, கால் வீம்பு பிடித்தது. முன்னாலிருந்த காலி மனையை அளக்க வந்த சர்வேயர் இரண்டு முறை அளந்து, எழுதியதை அடித்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துப் போனார். "வீட்டைத் தேடிப் போறது என் வேலை. இப்ப வீடே என்னைத் தேடி வருது," என்று தபால்காரர் சிரித்தார்.

சனிக்கிழமையும் 'ரைட்' என்றதும் வீடே கிளம்ப, மனைவிக்குப் பொறுமை போயிற்று. ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையிலிருந்து விசிலை எடுத்து ஒரே ஒரு முறை ஊதினாள். ஒரு விசில் என்றால் நிறுத்தம். வீடு சடாரென்று நின்றது. பிரேக் போட்ட பஸ்ஸில் போல அவர் உடம்பு முன்னால் சாய, இடது கால் தாவிப் போய் மஞ்சள் கோட்டில் சரியாக விழுந்தது. பயிற்சிப் பெண்ணும் சேர்ந்து மூன்று பேரும் அந்தக் காலையே பார்த்தார்கள்.

"விழப் பாத்தீங்களே!"

"இல்ல, கால் வச்சேன்." சற்று யோசித்தார். "வச்சேனா?"

ஞாயிறன்று விசிலைத் தானே பல்லில் கடித்துக்கொண்டு, பதினோரு விசிலில் குளியலறைக்குப் போய் வந்தார். பயிற்சிப் பெண் நோட்டில் கோடு, தாளம், விசில் என்று எழுதினாள். வீட்டைப் பற்றி எழுத அதில் இடமில்லை.

திங்கட்கிழமை வீடு மெயின்ரோட்டு ஓரத்துக்கே வந்திருந்தது. மனைவி கதவைத் திறந்தாள். எதிரே லாண்டரி.

"படியில நிக்காத. பாத்து எறங்கு," என்றார் கண்டக்டர்.

இறங்கினாள். சாலையைக் கடந்து திரும்பிப் பார்த்தபோது உள்ளே விசில் கேட்டது. ஜன்னலில் அவர் தலை மெல்ல முன்னால் போய்க்கொண்டிருந்தது. போவது அவரா, வீடா என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை. எதுவானாலும் சாயங்காலம் நிறுத்தத்தில் நிற்கும் என்று அவள் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கப் போனாள்.