காய்ந்த மண்ணில் போட்ட சோயா

ஈரத் துணியால் கணவரின் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் அப்பியிருந்த புழுதி லேசில் போவதாக இல்லை. நேற்று மதியம் வயலிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். உயிர் போகும்போதுகூட ஒரு வார்த்தை பேசவில்லை. சில நாட்களாகவே அந்த வீட்டில் பேச்சில்லை. எல்லாம் சோயாவால் வந்த வினை.

மழை வரட்டும், பிறகு விதைக்கலாம் என்றாள் அவள். இப்போதே போட்டுவிட்டால் மழை விழுந்ததும் முளைத்துக்கொள்ளும் என்றார் அவர். "உங்க பிடிவாதத்துக்கு விதைதான் கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டாள். அதோடு சரி. அவர் விதைத்தார், அவள் வாயைப் பூட்டிக்கொண்டாள். மறுநாள் பேருக்கு ஒரு தூறல் போட்டு, வானம் கையை விரித்துவிட்டது. ஒரு 'சாப்பிட வாங்க'வாவது சொல்லியிருக்கலாம்.

வாசலில் வண்டிக்குக் காத்திருந்தவர்களின் பேச்சு துக்கத்தை விட்டு வானத்துக்குத் தாவியிருந்தது. மக்காச்சோளம் ஒரு சாண் உயரத்திலேயே இலை சுருண்டு நிற்கிறதாம்.

"சோளம் பொழைச்சாலும் பொழைக்கும்," என்றார் கொழுந்தன். "அண்ணன் போட்ட சோயா அவ்வளவுதான். அந்தத் தூறல்ல விதை ஊறி அழுகியிருக்கும். காஞ்ச மண்ணுல போய் யாராவது விதைப்பாங்களா? அவருக்குப் புத்தி சொல்ல ஆளில்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. கையில் துணியோடு வாசலுக்கு வந்தாள்.

"விதைக்கச் சொன்னது நான்தான்."

"நீங்களா அண்ணி?"

"நானேதான். அவர் வேண்டாம்னுதான் சொன்னாரு. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

கொழுந்தன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் வண்டி வந்துவிட்டது.

எல்லாம் முடிந்து சாயங்காலம் உறவுகள் கிளம்பின. "துணைக்கு இருக்கட்டுமா?" என்று கேட்ட நாத்தனாரையும் அனுப்பிவைத்தாள். வீடு வெறிச்சென்று கிடந்தது. இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கும் இந்த அமைதிக்கும் எவ்வளவு வித்தியாசம்! உட்கார முடியாமல் வயலுக்கு நடந்தாள்.

விதை வரிசையில் குந்தி விரலால் கிளறினாள். தூறல் பட்ட மேல்மண் ஓடாக இறுகியிருந்தது. அடியில் வெறும் புழுதி. அதற்கும் கீழே ஒரு சோயா அகப்பட்டது. ஊறவில்லை, அழுகவில்லை. நகத்தால் அழுத்தினாள், கல்லாக இருந்தது. தள்ளிப் போய் இன்னொரு இடத்தில் தோண்டினாள். அங்கும் அப்படியே. தூறல் எட்டாத ஆழம் பார்த்துத்தான் மனிதர் போட்டிருக்கிறார். மழை எப்போது வந்தாலும் முளைக்கும்.

"ஏங்க, நீங்க சொன்னதுதான்..." என்று திரும்பினாள்.

வரப்பு வெறுமையாக நீண்டுகிடந்தது. விதையைக் குழியிலேயே வைத்து, மண்ணைத் தள்ளி, உள்ளங்கையால் மெல்ல அமுக்கிவிட்டாள்.