எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு பங்கு

எங்கள் பவளத்தீவு நியூசிலாந்தின் பொறுப்பிலேயே இருப்பதா, தன்னைத் தானே ஆண்டுகொள்வதா என்று வாக்கெடுப்பு வந்தது. முப்பது வீடுகளில் தொண்ணூறு வாக்காளர்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது அறுபது பேர், 'ஆம்' என்றால் தன்னாட்சி. ஊர்த்தலைவர் லுஹியானோ அதற்காக ஓராண்டு வீடு வீடாக நடந்தார் என்பதைப் பள்ளி ஆசிரியனான நான் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அவர் மனைவி ஹேலா புதுக் கொடியையும் தைத்து வைத்திருந்தார். அதைத் தம் கையால் ஏற்ற வேண்டும் என்பதே தலைவரின் ஆசை.

வெளிப்படையாக எதிர்த்தவர் ஒருவரே: தலைவரின் தங்கை கணவர் தினியேலு. நியூசிலாந்து கப்பலை நிறுத்திவிட்டால் மாவுக்கு எங்கே போவது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் கரையில் மீன் பங்கீடு நடந்தது. பிடித்தது எல்லாம் ஒரே குவியல். வீட்டுக்கு வீடு சமபங்கு. கடலுக்குப் போகாதவரின் கூடையும் வெறுமையாகத் திரும்பக் கூடாது.

"நாளைக்கு உங்க பக்கம் உங்க ஓட்டு ஒண்ணுதான் மச்சான்," என்று தலைவர் கேலி செய்தார்.

சுற்றி நின்ற யாரும் சிரிக்கவில்லை. தனியாக நின்ற தினியேலுவையும் அவர் கூடையையும் பார்த்தார்கள்.

மறுநாள் நானே எண்ணினேன். 'ஆம்' ஐம்பத்தொன்பது; 'இல்லை' முப்பத்தொன்று. நியூசிலாந்து அரசு அனுப்பியிருந்த அதிகாரி மீண்டும் எண்ணச் சொன்னார். எண்ணிக்கை மாறவில்லை.

துரோகி யாரென்று தலைவர் வீட்டில் கொதித்தபோது நானும் அங்கிருந்தேன். ஹேலா நிதானமாக உண்மையைச் சொன்னார். எதிர்ப்பக்கம் பங்கில்லாமல் போகக் கூடாதென்று பெண்கள் பேசிவைத்து, வீட்டுக்கு ஒரு வாக்கை அந்தப் பக்கம் அளித்திருந்தார்கள். தினியேலு வீட்டில் மட்டும் அவர் வாக்கே அந்த ஒன்று.

"கணக்குப் பாக்காமலா போட்டோம்? முப்பது போனாலும் உங்களுக்கு அறுபது வந்திருக்கும். நம்ம வீட்டுக்கு நான் போட்டுட்டேன். அந்த முப்பத்தொண்ணாவது யாரோடது?"

தலைவர் கொடியின் ஓரத்தை நீவினார்.

"மச்சான் தனியா நின்னாருல்ல," என்றார். "மனசு கேக்கல."

ஹேலா கொடியை வாங்கி மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு கணவருக்குச் சுட்டு வைத்திருந்த மீனை இலையில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"வாத்தியாரே, போற வழியில இதைத் தினியேலு அண்ணன்கிட்ட குடுத்துடுங்க. இவரு ஓட்டே அங்க போயிருச்சு. மீனு மட்டும் இங்க எதுக்கு?"