ஐந்தாவது மாடியில் ஒரு புள்ளி

செத்துப்போனவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஐந்தாவது மாடிக்கு ஏறிப் போவதை அவள் திரையில்தான் முதலில் பார்த்தாள்.

கட்டட வேலைகள் ஏன் சொன்ன தேதியில் முடிவதேயில்லை என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஆட்கள் உண்மையில் வேலை செய்யும் நேரம் எவ்வளவு, பொருள் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் நேரம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வொருவர் ஹெல்மெட்டுக்குள்ளும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கருவியை ஒட்டியிருந்தாள். ஆள் நடந்தால் அவளுடைய லேப்டாப்பில் ஒரு புள்ளி ஊரும்.

பட்டம் வாங்கும் முன்பே அவளை 'டாக்டரம்மா' ஆக்கியவர், கம்பி கட்டுகிறவர்களுக்கெல்லாம் மாமாவாக இருந்த ஒருவர். "தலை கனக்குதும்மா. நீங்க ஒட்டி விட்டதை எடுத்துட்டு ஒரு மாத்திரை குடுங்க" என்று காலையில் ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டி வம்பு இழுப்பார்.

அந்த மாமாதான் ஐந்தாவது மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்தார். குழியின் வாசலில் கட்டியிருந்த தடுப்பு அன்றைக்கு அங்கே இல்லை. யாரோ எடுத்திருக்கிறார்கள், இவரும் பார்க்காமல் காலை வைத்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். வேலை கொஞ்ச நாள் நின்றது. விசாரணை ஒரு பக்கம் நடக்க, வேலையும் மறுபடி தொடங்கியது.

தொடங்கிய அன்றே மாமாவின் புள்ளி நகர்ந்தது. அலுவலகத்துப் பக்கம் முளைத்து, படிக்கட்டில் மெதுவாக ஏறி, அந்தக் குழியருகே போய் நின்றது. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் இறங்கி வந்து அணைந்துபோனது. மறுநாளும் அப்படியே. அவள் மேலே ஏறினாள். நாலாவது மாடி வரைக்கும்தான் கால் வந்தது. பூசாத சுவர்களுக்கு நடுவே ஈரச் சிமென்ட் வாசனை. மேலே யாரோ தொண்டையைச் செருமியதுபோல் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட்டாள்.

புராஜெக்ட் மேனேஜரிடம் சொன்னாள். அவர் கால அட்டவணையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கருவி கோளாறா இருக்கும். அந்தப் புள்ளியை அழிச்சிடுங்க."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த நாள் புள்ளி ஏறியபோது அவளும் பின்னாலேயே ஏறினாள். இந்தத் தடவை நாலாவது மாடியில் நிற்கவில்லை.

குழியருகே ஒரு சிமென்ட் மூட்டைமேல் முதுகைக் காட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் மாமாவின் ஹெல்மெட். அவர் திரும்பினார். மேனேஜர்.

"நீங்களா சார்?"

"கீழ என் ரூம்ல இருந்தா, மேல யாரோ நடக்கிற சத்தம் கேக்குதும்மா. பூட்ஸைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடப்பாரே, அதே மாதிரி. ஸ்டோர்ல கிடந்த இதை எடுத்து என் இரும்பு பீரோவுல வச்சேன். அப்பவும் நிக்கல. இதைக் கொண்டுவந்து இங்க உக்காந்தாதான் நிக்குது."

இரும்பு பீரோவுக்குள் சிக்னல் போகாது; புள்ளி அணைந்தது அதனால்தான். குழியிலிருந்து குளிர்ந்த காற்று மேலே வந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்தில் உட்காரவில்லை, போகவும் இல்லை.

"லிஃப்ட் ஆளுங்க அளவெடுக்கணும்னாங்க. தடுப்பை எடுக்கச் சொன்னதே நான்தான். திரும்பக் கட்டச் சொல்லல. வேலை ஏற்கெனவே பின்தங்கிக் கிடந்துச்சு, அடுத்த தளத்துக்கு ஓடிட்டேன்."

"விசாரணையில சொன்னீங்களா?"

"இல்ல. சொல்லிட்டா சத்தம் நின்னுடுமா?" என்று கேட்டார்.

"தெரியாது சார். நின்னாலும் நிக்காட்டியும் சொல்லித்தான் ஆகணும்."

ஹெல்மெட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் இறங்கிப் போனார். அந்த வாரமே விசாரணை அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டாள். பிறகு அவரை அங்கே பார்க்கவில்லை. அவருக்குச் சத்தம் நின்றதா என்பதும் தெரியவில்லை.

ஹெல்மெட்டை வாங்கிப் போக மாமாவின் மனைவி வந்தார். அழவில்லை. உள்பக்கம் ஒட்டியிருந்த கருவியை விரலால் தடவிப் பார்த்தார்.

"அவர் எங்கெங்க நடந்தாருன்னு இதுல தெரியுமாமே? அன்னிக்கு வீட்டுல சரியா பேசக்கூட இல்ல. அவசரமா கிளம்பிட்டாரு. காட்டும்மா."

அவள் தயங்கித் தயங்கி, அவர் விழுந்த நாளின் காலைப் பதிவை லேப்டாப்பில் ஓட விட்டாள். புள்ளி வாசலில் நுழைந்தது, கம்பிக் குவியலைச் சுற்றியது, ஓரிடத்தில் நின்றது.

"இங்க ஏன் நிக்கிறாரு?"

"அது தண்ணி டிரம்க்கா."

"ம். தண்ணி நிறைய குடிப்பாரு." அவர் முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது.

புள்ளி படிக்கட்டை நெருங்கியது. அவள் படத்தை நிறுத்தினாள்.

"இதுக்கு மேல வேண்டாம்க்கா."

அந்த அம்மா நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையில் புள்ளியின் மேல் விரலை வைத்தார்.

"தனியாத்தானே போனாரு. ஓட விடும்மா, நானும் கூடப் போறேன்."

அவள் பொத்தானை அழுத்தினாள். புள்ளி ஏறத் தொடங்கியது. விரலும் அதோடு ஏறியது.