மருந்து உட்காராத குழி

அக்காவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. அதற்கு வீடே கூடி ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தது: அவள் திருட்டுத்தனமாகத் தின்கிறாள். அத்தான் பிஸ்கட் டப்பாவைப் பூட்டி வைத்தார். புது மருந்தின் சோதனையை நடத்தும் டாக்டரம்மா, "பொய் சொன்னா உங்க கண்ணுதான் போகும்" என்று எல்லார் எதிரிலும் கடிந்துகொண்டாள். தங்கை மட்டும் சும்மா இருந்தாளா? அக்காவின் அலமாரியைக் குடைந்ததே அவள்தான். பின்னே? மருந்து பிறந்ததே அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில். பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தச் சோதனையில் சேரச் சொன்னவளும் அவளேதான்.

செல்லின் கருவுக்குள் ஒரு புரதம் இருக்கிறது; அதன் வயிற்றில் ஒரு குழி. மருந்து போய் அதில் உட்கார்ந்தால் புரதத்தின் வால் மடங்கி வாசலை அடைக்கும். உடனே சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ்ரே பாய்ச்சி எடுத்த படம் ஒன்று உண்டு; அதில் மருந்து குழிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதைக் காட்டித்தான் கூடத்தின் தலைவர் ஊரெல்லாம் கைதட்டு வாங்கியிருந்தார்.

அந்தப் படத்தை ஒருநாள் மதியம் மூலத் தரவிலிருந்து தங்கை மறுபடி வரைந்து பார்த்தாள். அக்காவிடம் காட்டி வாயை அடைக்கலாம் என்றுதான், வேறென்ன! மருந்தில் ஒரு குளோரின் அணு உண்டு. எலக்ட்ரான் நிறைந்த அணு, படத்தில் புடைத்துக்கொண்டு தெரியவேண்டும். அந்த இடம் மொட்டையாகக் கிடந்தது. குழியில் இருந்தது ஒல்லியாக, நீளமாக, சுருண்டு கிடந்த ஒரு சங்கிலி. புரதத்தைப் பாக்டீரியாவில் வளர்த்தார்கள். பாக்டீரியாவின் கொழுப்பு அமிலமும் கூடவே வந்து குழியில் குந்திக்கொள்ளும். கழுவி வெளியேற்றாமல் படிகம் வளர்த்தால் இதுதான் கதி. கழுவ நேரமில்லை என்று குதித்தவர் தலைவர். கொழுப்பைப் பார்த்து மருந்து என்று சொன்ன மகானுபாவரும் அவரே. அவளுக்கு உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது.

நேரே அவர் அறைக்குப் போனாள்.

"சார், குழியில நம்ம மருந்தே இல்ல. பாக்டீரியாவோட கொழுப்பு உக்காந்திருக்கு."

தலைவர் படத்தை உற்றுப் பார்த்தார். முகம் வெளுத்தது, வாய் மட்டும் அசரவில்லை. "கண்ணாடித் தட்டுல வளர்த்த செல்லுல வேலை செஞ்சுச்சேம்மா?"

"வாளி வாளியா ஊத்தினா எதுதான் செய்யாது? இந்தக் கொழுப்பையே தள்ளி விட முடியாத மருந்து, உடம்பு பூரா கொழுப்பு ஓடுற மனுஷங்ககிட்ட என்னத்தைக் கிழிக்கும்?"

"சில பேருக்கு இறங்கியிருக்கே. இறங்காததெல்லாம் கண்டதையும் திங்கிற கூட்டம். அவங்களைக் கணக்குலேர்ந்து தூக்கிடலாம்."

"அந்தக் கூட்டத்துல எங்க அக்கா இருக்கா சார்!"

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! படம் தப்பு, சோதனையை நிறுத்துங்கள் என்று மேற்பார்வைக் குழுவுக்கு அவர் கண்ணெதிரே எழுதி அனுப்பினாள்.

"உன் வேலைக்கு நீயே உலை வச்சுக்கிறே" என்றார்.

"போனா போகட்டும்" என்று வெளியே வந்தாள். மாடிப்படியில் நின்றபடியே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அந்த மாத்திரையைத் தொடாதே. இன்னைக்கே உன் பழைய டாக்டரைப் போய்ப் பாரு. நீ திருடித் தின்னலக்கா. மருந்துதான் சரியில்ல."



"உனக்கு எப்படிடி தெரியும்?"

"படத்துல பார்த்தேன்."

"ஓஹோ! நான் அழுது சத்தியம் பண்ணினப்போ நம்பல. படம் சொன்னா நம்புறே." அக்கா குரலை உயர்த்தினாள். "கண்ணு மங்குதுடின்னு உன்கிட்டதானே முதல்ல சொன்னேன்? தின்னுட்டு நடிக்காதேன்னு சொன்னியே!"

"இப்பவே கிளம்பி வரேன்க்கா" என்றாள் தங்கை.

"வராதே" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.