விளம்பர இடைவேளையில் ஒரு தீக்குச்சி

தங்கச்சாமி கால் பெருவிரலால் ரிமோட்டை அமுக்கினான். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கட்டு. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் பற்றிய தீ, கூட நின்ற ஒச்சப்பனைக் கொண்டுபோய்விட்டது. இவனுக்குக் கையோடு போயிற்று. “ரெண்டு மாசம் வீட்ல படுத்து டிவி பாருங்க, கையில தண்ணி படக் கூடாது” என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள்.

முதல் வாரம் காமெடியாகவே பார்த்தான். சிரிப்பு வரவில்லை. அப்புறம் பழைய படங்கள். அப்புறம் மனைவி ரோஜாவோடு உட்கார்ந்து சாயங்காலத் தொடர். அதில் மருமகள் ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

“நீங்க கெடந்தப்ப மூஞ்சி கரிச்சட்டி மாதிரி இருந்துச்சு. இவளப் பாருங்க, கல்யாணத்துக்குக் கெளம்புனவ கணக்காக் கெடக்கா” என்றாள் ரோஜா.

இந்த நிலையில்தான் சுடலை வந்தான். பட்டாசில் வைக்கிற கருந்திரியை வீடு வீடாகக் கொடுத்து, வெட்டிக் கட்டியதும் வாங்கிப்போகிறவன். கருந்திரியில் இருப்பதும் வெடிமருந்துதான். அதை வீட்டில் வைப்பது குற்றம் என்று அவர்கள் ஊரான விஸ்வநத்தத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் வாங்கினார்கள்.

“சீசன் நேரம்க்கா. டிவி பாத்துக்கிட்டே வெட்டிரலாம். அம்புட்டு லேசான வேலை.”

ரோஜா கணவனின் கட்டைப் பார்த்தாள். திரியை வாங்கி உள்ளே வைத்தாள். தங்கச்சாமி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் இருந்தது, சம்பாதிக்கக் கை இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுச் சோலையம்மாளும் வந்து உட்கார்ந்தாள். இருவர் மடியிலும் திரி. இதே பெண்கள் வேலைக்குப் போனால் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக மாட்டார்கள், செருப்பை வெளியே விடுவார்கள், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் அறைக்குள் கால் வைப்பார்கள். வீட்டில் அந்தப் பயம் ஒன்றும் இல்லை.

“ஏ ரோஜா, மாமியாக்காரி இன்னைக்கு வெசம் வச்சிருவாடி.”

“வைக்கட்டும்க்கா. நாளைக்கு எந்திரிச்சு உக்காந்துக்கிருவா.”

விளம்பரம் போட்டார்கள். ரோஜாவுக்குச் சுருக்கென்றது. “ஐயோ, வெள்ளிக்கெழம! வெளக்குப் பொருத்தல!”

தொடர் திரும்பி வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று துள்ளி எழுந்தாள். மடியிலிருந்த திரித் துணுக்குகள் தரையெங்கும் கொட்டின. சாமி படம் டிவிக்கு மேலேதான். கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டே தீக்குச்சியை உரசினாள்.

“ஏ புள்ள!” என்று தங்கச்சாமி கத்தியது விளம்பரச் சத்தத்தில் முங்கிப்போயிற்று. கட்டிலிலிருந்து பாய்ந்தவன், கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் குச்சியின் மேல் அறைந்து சேர்த்தான்.

தீ அணைந்தது. கட்டின் துணி கருகி, உள்ளே ஆறிக்கொண்டிருந்த புண் கிழிந்து ரத்தம் ஊறியது. அவர்கள் காலடியில் வெட்டாத திரி இரண்டு கட்டு கிடந்தது.

சோலையம்மாள் மடியிலிருந்த திரியை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தாள்.

“கையக் காட்டுங்க” என்று ரோஜா குனிந்தாள்.

“கை கெடக்கட்டும். ஒச்சப்பன் வேலைக்குப் போன எடத்துல செத்தான். நாம நாடகம் பாத்துக்கிட்டே செத்திருப்போம். இத வாங்கயில நான் வாயத் தொறக்கல பாரு, குத்தம் எம்மேலயும்தான்.”

ரோஜா தரையை ஈரத்துணியால் துடைத்தாள். திரி அத்தனையையும் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினாள். பிறகு கணவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் காலையில் வந்த சுடலை, தொட்டியில் திரி ஊறிக் கிடப்பதைப் பார்த்துக் குதித்தான்.

“என்னக்கா இப்பிடிப் பண்ணிட்டீக? ஆர்டர் சரக்கு! வேண்டாம்னு சொல்லியிருந்தா வேற வீட்டுல குடுத்திருப்பேன்ல?”

“எந்த வீட்டுலயும் குடுக்காத” என்றாள் ரோஜா. “எம்புட்டுக் கஷ்டம்னாலும் மருந்து வீட்டுக்குள்ள வரக் கூடாது. மனுசன் படுத்து எந்திரிக்கிற எடத்துல அத வச்சா அது வீடில்ல, குடோன். அதுல நானும் வெடிப்பேன், பக்கத்து வீட்டுக்காரியும் வெடிப்பா. இனி இந்தத் தெருவுக்குள்ள நீ திரிக்கட்டோட வந்தா, போலீசுக்கு மொத போன் எங்கிட்ட இருந்துதான் போகும்.”