நெரிங்காவுக்கு ஒரு பாஸ்

ஸராசாய் ஊர்க் கூடைப்பந்து அணியின் உயரக்காரி கர்ப்பமாகிவிட்டாள். லீக் சீசன் பாதிகூடத் தாண்டவில்லை. கோச் தங்குவோலே, கேப்டன் வைவாவைத் தன் சின்ன அறைக்குக் கூப்பிட்டு, கேட்காமலே தேநீர் ஊற்றினாள்.

"ஒரு பேரு சொல்றேன். கோவப்படாத."

"சொல்லுங்க கோச்."

"நெரிங்கா."

வைவா கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனாள். வாயைத் திறந்தபோது தாடையின் இடப்பக்கம் கிளிக்கென்றது. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் அது அப்படித்தான்.

"துறைமுகத்து அணியிலேருந்து அவளை அனுப்பிட்டாங்க. வயசு முப்பத்தஞ்சு. முட்டி வலி இருக்கு. ஆனா அவளைவிட உயரமா வேணும்னா சர்ச் கோபுரத்தத்தான் ஸராசாய்க்குக் கூட்டிட்டு வரணும். நீ வேணாம்னா வேணாம்."

"வரட்டும்."

"நிஜமாவா சொல்ற? அந்த விஷயம்..."

"எந்த விஷயம்? அது விபத்து. எல்லாரும் அப்படித்தானே சொன்னாங்க."

தங்குவோலே நிம்மதியாகச் சிரித்தாள். வைவாவும் சிரித்தாள். வெளியே வந்து உறைந்த ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் தன் கைகள் சூடாக இருப்பதைக் கவனித்தாள். வாய்ப்பு இவ்வளவு சுலபமாக, கதவைத் தட்டிக்கொண்டு வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

பந்து வைத்திருப்பவளைக் காவல் காப்பவள் பக்கவாட்டிலும் பின்னாலும் ஓடிக்கொண்டே இருப்பாள். கண் முழுக்க எதிராளியின் இடுப்பில் இருக்கும். முதுகுக்குப் பின்னால் எதிரணிக்காரி ஒருத்தி வந்து மரம்போல நின்றால் அவளுக்குத் தெரியாது. இதைத்தான் தடுப்பு என்பார்கள். ஆட்ட விதியில் அதற்கு இடமுண்டு. ஆகவே பின்னால் நிற்கும் உயரக்காரி, மொத்தக் களத்தையும் பார்க்கிறவள், கத்த வேண்டும்: "தடுப்பு, இடது!" அந்தக் குரல்தான் முன்னால் ஓடுகிறவளின் முதுகில் இருக்கும் கண். முதன்முதலாகப் பந்தைத் தொடுகிற சிறுமிக்கே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஒரு முழு ஆட்டத்தில் பந்தைத் தொடாமல்கூட இருந்துவிடலாம், கத்தாமல் இருக்கக் கூடாது.

இரண்டு வருடங்களுக்கு முன், இருவரும் துறைமுகத்து அணியில் ஆடியபோது, வைவாவுக்குப் பின்னால் நின்றவள் நெரிங்கா. ஒரு நாள் அந்தக் குரல் வரவில்லை. வைவா முழு வேகத்தில் ஒரு தோளில் போய் மோதினாள். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. வைவாவின் இடத்துக்காக வெளியே பெஞ்சில் காத்திருந்தவள் மிக்லே, நெரிங்காவின் தங்கை. அடுத்த ஆட்டத்தில் மிக்லே இறங்கினாள். அதற்கப்புறம் வெளியே வரவேயில்லை.

கம்பியால் கட்டப்பட்ட வாயோடு வைவா அந்த வசந்தம் முழுக்க பீட்ரூட் சூப்பை உறிஞ்சிக் குடித்தாள். பேச முடியாததால் யோசித்தாள். யோசிக்க அலுத்தபோது வீடியோவைப் பார்த்தாள். மோதுவதற்கு ஒரு கணம் முன்னால் படத்தை நிறுத்தினால், ஓரத்தில் நெரிங்காவின் முகம் தெரியும். கண்கள் சரியான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். உதடுகள் ஒட்டியிருக்கும். பார்த்துவிட்டு மூடிக்கொண்ட வாய் அது. ஆனால் மூடிய வாயை எந்த நடுவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? கத்த நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னால் முடிந்தது. அப்படித்தான் சொன்னாள். மருத்துவமனைக்கு ஆரஞ்சுகளோடு வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள். கடிக்க முடியாதவளுக்கு ஆரஞ்சுகள்.

அந்த வன்மத்தில் வைவாவுக்குப் பிடித்திருந்ததே அதன் சுத்தம்தான். முழங்கையால் குத்தவில்லை, காலை இடறவில்லை. செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டாள், அவ்வளவுதான். திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் அதே அளவு சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று அவள் அப்போதே முடிவு செய்திருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கிளம்புமுன் அணி முழுக்க ஒன்றாகச் சாப்பிட்டது. ஹெர்ரிங் மீன், காளான், கசகசாப் பாலில் ஊறும் குட்டி ரொட்டிகள். மேசையில் மெழுகுவர்த்தி. வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்த நெரிங்கா, தன் மெல்லிய வெள்ளை அப்பத்தை எல்லோருக்கும் நீட்டிக்கொண்டே வந்தாள். அதில் ஒருவர் பிட்டுக்கொண்டால், பழையதெல்லாம் தீர்ந்தது என்று அர்த்தம்.

வைவாவின் முன்னால் வந்து நின்றாள்.

"தாடை இப்ப எப்படி இருக்கு?"

"சாப்பிடுது."

"இந்த சீசனோட நான் நிறுத்திடுவேன். ஒரே ஒரு தடவை, கடைசி நாலு அணியில நின்னு ஆடிட்டு நிறுத்தணும். அவ்வளவுதான் ஆசை."

"இந்த ஊருக்கும் அதே ஆசைதான்" என்றாள் வைவா. அது உண்மை. ஸராசாய் அணி ஒருபோதும் கடைசி நான்கில் இருந்ததில்லை. அவள் அப்பத்தில் பெரிய துண்டாகப் பிட்டு வாயில் போட்டாள். காகிதம்போல நாக்கில் ஒட்டியது. கிளிக்.

ஜனவரியில் தொடங்கினாள்.

பந்தை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பவள் வைவா. நெரிங்காவுக்குக் கொடுக்காமல் இருந்தால் கோச் கேட்டுவிடுவாள். எனவே கொடுத்தாள். நெரிங்கா திரும்பி முடிப்பதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால். அல்லது முழங்கால் உயரத்தில், அந்த வலிக்கும் முட்டி குனிய வேண்டிய இடத்தில். அல்லது காவல்காரி வந்து ஒட்டிக்கொண்ட பிறகு. ஒவ்வொரு பாஸும் பார்க்கிறவர்களுக்கு நல்ல பாஸ்தான், பிடிக்கத் தெரிந்தவளுக்கு. பந்து நெரிங்காவின் விரல்களில் பட்டு வெளியே போகும். வைவா கைதட்டி, "பரவால்ல, பரவால்ல!" என்பாள். கேப்டன் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

பிப்ரவரியில் அரங்கத்தில் நெரிங்காவுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மரக்கை. பூண்டு தேய்த்த வறுத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே கத்துவார்கள்: "மரக்கைக்குக் குடுக்காத வைவா! ஏரியில போட்டாலும் மீனாவது புடிக்கும்!" அணியிலேயே இளையவளான உக்னே பெஞ்சில் வாயைப் பொத்திச் சிரிப்பாள். கோச் கொஞ்சம் கொஞ்சமாக நெரிங்காவுக்கென்று வரைந்த ஆட்டத் திட்டங்களை விட்டுவிட்டாள். பயிற்சியில் யாருமே இல்லாத வளையத்தின் கீழ், கைக்கெட்டும் தூரத்தில் நின்று போடும்போதும் நெரிங்கா இப்போது ஒரு கணம் தயங்கினாள். பந்தை இறுக்கிப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்த பந்து வளையத்தில் மோதித் திரும்பும். வைவா அதையெல்லாம் தள்ளி நின்று பார்த்தாள். ஒருத்தியின் கைகளிலிருந்து அவற்றின் நினைவை இப்படிக் கழற்றி எடுக்க முடியும் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவளைத் தொந்தரவு செய்தது வேறு ஒன்று. நெரிங்கா கத்தினாள். ஒவ்வொரு தடுப்புக்கும், ஒன்றுவிடாமல், தொண்டை கிழிய. "வலது! வலது! விடு, நான் இருக்கேன்!" வைவா அதுவரை ஆடியதில் இவ்வளவு தெளிவான குரலோடு ஆடியதில்லை. அந்தக் குரல் கேட்டதும் அவள் உடம்பு தானாக வளைந்து தடுப்பைச் சுற்றிக்கொண்டு போனது. மனம் நம்பவில்லை, உடம்பு நம்பியது. இரவு படுக்கும்போது அவளுக்குத் தன் உடம்பின் மேல் அருவருப்பு வந்தது. வெட்கமில்லாத பிராணி. யார் கூப்பிட்டாலும் வாலாட்டுகிறது. இப்போது கத்துகிறாள் என்றால், அப்போதும் கத்தத் தெரிந்தவள்தானே? ஒவ்வொரு முறை அந்தக் குரல் அவளைக் காப்பாற்றியபோதும் வைவாவின் மனதில் இருந்த வழக்கு இன்னும் வலுத்தது.

ஒரு முறை, வெளியூர் ஆட்டம் முடிந்து திரும்பும் பேருந்தில், நெரிங்கா முன்னால் வந்து அவளருகில் உட்கார்ந்தாள்.

"வைவா, எனக்குப் பந்தே சரியா வரமாட்டேங்குது."

"வருது. நீ விடற."

"பதினஞ்சு வருஷமா பந்து புடிச்ச கை இது."

"அப்ப அதுகிட்டயே கேளு, என்ன ஆச்சுன்னு."

நெரிங்கா வைவாவின் கைகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று வைவா நினைத்தாள். தெரியட்டும். தெரிந்தும் யாரிடமும் சொல்ல முடியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதும் தெரியட்டும்.

கடைசி லீக் ஆட்டம் துறைமுகத்து அணியோடு. இரண்டு அணிகளும் ஒரே நிலையில் இருந்தன. ஜெயிப்பவர்கள் கடைசி நான்குக்குப் போவார்கள். தோற்றவர்கள் வீட்டுக்கு. ஸராசாயில் அன்று மீன் பிடிக்கிறவர்கள்கூட ஏரிப் பனியை விட்டு எழுந்து வந்திருந்தார்கள். முரசு அடித்து அடித்து ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

வைவா காவல் காக்க வேண்டியவள் மிக்லே. அக்காவின் அதே நீண்ட முகம்.

"எங்கக்காவ ஏன்டி பட்டினி போடற?" என்றாள் மிக்லே, பந்தைத் தட்டிக்கொண்டே. "பாவம், எலும்பும் தோலுமா ஆயிட்டா."

"உங்கக்கா டயட்ல இருக்கா."

"தாடை வலிக்குதா? மெதுவா பேசு."

வைவா பல்லைக் கடித்தாள்.

ஆட்டம் முடியப் போகிறது. ஸராசாய் ஒரு புள்ளி பின்னால். பந்து மிக்லேயிடம். வைவா அவள் இடுப்பையே பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடினாள். அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது, முரசுகளையெல்லாம் கிழித்துக்கொண்டு:

"இடது! தடுப்பு, இடது!"

சொந்தத் தங்கைக்கு எதிராகக் கத்தினாள். வைவாவின் உடம்பு வளைந்தது. ஒரு பெரிய தோள் அவள் கன்னத்தை உரசிக்கொண்டு காற்றில் போனது. தடுப்பை நம்பித் திரும்பிய மிக்லே அவளை எதிர்பார்க்கவில்லை. வைவாவின் விரல் பந்தில் பட்டது. பந்து அவளுடையது. கோச் கையை உயர்த்தி இடைவேளை கேட்டாள்.

எல்லோரும் மூச்சிரைக்கக் கூடி நின்றார்கள். தங்குவோலே பலகையில் வேகமாகக் கோடு இழுத்தாள்.

"வைவா வலப்பக்கம் போ. ரெண்டு பேரும் உன் மேலதான் வருவாங்க. வந்தா நெரிங்கா வளையத்துக்குக் கீழ தனியா நிப்பா. உக்னே மூலையில."

"கோச்" என்றாள் நெரிங்கா. "என்னை வெளிய எடுத்துருங்க. வேற யாராவது போகட்டும்."

"என்ன பேச்சு இது? எனக்கு உயரம் வேணும்."

"என் கை..."

"உன் கைக்கு என்ன?"

நெரிங்கா வைவாவைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை அது. அதில் மறைப்பு எதுவும் இல்லை. இந்தப் பார்வைக்காகத்தான் கம்பி கட்டிய வாயோடு அந்த வசந்தத்தைக் கடந்தோமா என்று வைவாவுக்குத் தோன்றியது. ஒரு நிமிடம் முன்பு அந்த வாய் தன்னைக் காப்பாற்றியதும் நினைவிருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் அவளுக்குள் இருந்தன, ஒன்றையொன்று தொடாமல்.

"பயப்படாத நெரிங்கா" என்றாள். "நல்ல பாஸா குடுக்கறேன்."

வலப்பக்கம் போனாள். கோச் சொன்னதுபோலவே இருவர் அவள்மேல் பாய்ந்தார்கள். மூலையில் உக்னே தனியாக நின்றாள், கைகளை நீட்டி, துள்ளிக்கொண்டு. அன்று மாலை அவள் போட்டதெல்லாம் விழுந்திருந்தது. வளையத்தின் கீழ் நெரிங்கா தனியாக நின்றாள். வைவா இருவரையும் பார்த்தாள். நேரம் இருந்தது. யோசிக்க நேரமில்லை என்று பிறகு அவள் தனக்குத்தானே ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை.

கொடுத்தாள். அவள் வாழ்க்கையில் அதைவிட நல்ல பாஸ் கொடுத்ததில்லை. இரண்டு பேரின் கைகளுக்கு நடுவே, நெஞ்சு உயரத்தில், மென்மையாக, தூங்கும் குழந்தையைக் கைமாற்றுவதுபோல. நெரிங்கா அதைப் பிடித்தாள். கைக்கெட்டும் தூரத்தில் வளையம். நெரிங்கா பந்தை இறுக்கினாள்.

வளையத்தின் உதட்டில் மோதி, ஒரு முறை சுற்றி, பந்து வெளியே விழுந்தது. சங்கு ஊதியது.

யாரும் வைவாவைத் திட்டவில்லை. தங்குவோலே அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "நீ செய்ய வேண்டியதச் செஞ்ச" என்றாள். பார்வையாளர்கள் வெளியே போய்க்கொண்டே, "மரக்கை, மரக்கை" என்று முணுமுணுத்தார்கள். இந்த ஊரில் அந்தப் பெயர் அவளுக்கு இனி மாறாது. நெரிங்கா என்று யாராவது சொன்னால், யார், கடைசி ஆட்டத்தில் வளையத்துக்குக் கீழே நின்று தவறவிட்டாளே அவளா என்று கேட்பார்கள். மிக்லே அக்காவைக் கட்டிக்கொள்ள வந்தாள். நெரிங்கா அவளை விலக்கிவிட்டு உள்ளே போனாள்.

உடைமாற்றும் அறையில் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நெரிங்கா மட்டும் காலணியைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கைகளை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள், வேறு யாருடையவையோபோல.

"நல்ல பாஸ்" என்றாள்.

வைவா பையில் துண்டைத் திணித்தாள்.

"விழாதுன்னு தெரிஞ்சுதானே குடுத்த?"

வைவா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கண்களை விலக்காமல் பார்த்தாள். வைவாவின் உதடுகள் ஒட்டியிருந்தன. இந்த முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ முறை நிறுத்திப் பார்த்திருக்கிறாள்.

நெரிங்காவின் முகம் மெல்ல மாறியது. "அன்னிக்கு நான்..." என்று தொடங்கினாள். "வைவா, அன்னிக்கு அந்தத் தடுப்ப நான்..."

இரண்டு வருடமாக வைவா அந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தாள். அது இப்போது வந்துகொண்டிருந்தது. சொல்லிவிட்டால் நெரிங்கா லேசாகிவிடுவாள். அழுவாள். ஒருவேளை தானும் அழ நேரிடும். வைவா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாக்கியம் முடிவதற்குள் கதவைத் திறந்து வெளியே போனாள். அதை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

வாசலில் உக்னே காத்திருந்தாள். அழுது மூக்கு சிவந்திருந்தது. காகிதத்தில் சுற்றிய வறுத்த ரொட்டி கையில்.

"மூலையில நான் தனியாத்தான் நின்னேன் கேப்டன்" என்றாள். "நீ என்னைப் பாக்கலையா?"

வைவா ஒரு துண்டு எடுத்தாள்.

"பாக்கல" என்றாள்.

"பரவால்ல. உன்மேல தப்பில்ல. மரக்கைதான்..."

"ஆமா. என்மேல தப்பில்ல."

கடித்தாள். ரொட்டி கெட்டியாக இருந்தது. குளிரில் தாடை கிளிக்கென்றது. அவள் அழுத்தி, நிதானமாக, கடைசிவரை மென்றாள்.